கங்காரு பராமரிப்பு: குறைமாதக் குழந்தைக்குத் தாயின் மார்பே படுக்கை

33 வாரத்தில், 1.6 கிலோ எடையில் பிறந்த ஒரு குழந்தையைக் கையில் வாங்கியதும் அதன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். அறை நமக்குப் புழுக்கமாக இருக்கும். பாதம் சில்லென்று இருக்கும். பிறகு வயிற்றைத் தொடுங்கள். வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால், குழந்தை குளிரோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். வயிறும் குளிர்ந்துவிட்டால் அந்த மல்லுக்கட்டில் தோற்றுக்கொண்டிருக்கிறது. கருவி எதுவும் கையில் இல்லாத ஒரு செவிலியர், இந்த இரண்டு தொடுதலிலேயே நிலைமையை ஓரளவு கணித்துவிடலாம்.

உலகத்தில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தன. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் சாவுக்கு இன்று முதல் காரணமாக இருப்பது குறைமாதப் பிறப்பும் அதனால் வரும் சிக்கல்களும்தான். வசதியுள்ள நாட்டில் 1.6 கிலோ குழந்தை இறந்துபோவது அரிது. ஏழை நாடுகளில் அதே எடைக் குழந்தை சளிக்கும் குளிருக்கும் பசிக்கும் பலியாகிறது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள மலாவி நாட்டில் 100 பிரசவத்துக்கு 18 குறைமாதப் பிரசவம் என்று 2012-இல் வந்த உலக அறிக்கை கணக்கிட்டது. அந்தப் பட்டியலில் அதுதான் முதலிடம். இந்தக் கட்டுரையில் மலாவி அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்நாட்டுப் பெண்கள் தினமும் இடுப்பில் சுற்றும் ஒரு துணி. அந்தத் துணியைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

முதலில் குளிர் ஏன் கொல்கிறது என்று பார்க்கலாம். ஒரு கிலோ உடம்புக்கு எவ்வளவு தோல் என்று கணக்குப் போட்டால், சின்னக் குழந்தைக்குப் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வெப்பம் வெளியேறும் வாசல் பெரிது, அடுப்போ சிறிது. பிறந்த குழந்தை நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்காது. கழுத்தின் பின்புறம், தோள்பட்டைகளுக்கு நடுவில், சிறுநீரகங்களைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடேற்றிக்கொள்ளும். அந்தக் கொழுப்பு சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். முன்கூட்டியே பிறந்த குழந்தையிடம் அந்தச் சேமிப்பு கொஞ்சம்தான். தோலும் மெல்லியது, அதனால் ஈரம் வேகமாக ஆவியாகிறது. பிறந்ததும் துடைக்காமல் விட்ட ஈரம், குளிர்ந்த தராசுத் தட்டு, ஓடும் மின்விசிறி, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த சுவர் என்று நாலு பக்கமும் சூட்டைப் பிடுங்கிக்கொள்கின்றன.

சூட்டைக் காக்க உடம்பு கூடுதலாக ஆக்சிஜனையும் சர்க்கரையும் செலவழிக்கிறது. இரண்டுமே அந்தக் குழந்தையிடம் குறைவு. சர்க்கரை இறங்கினால் குழந்தை சோர்ந்து, உறிஞ்சாமல் போகிறது. பால் இறங்காவிட்டால் சர்க்கரை இன்னும் இறங்கும், உடம்பு இன்னும் குளிரும். நுரையீரல் ஏற்கெனவே முதிராத நிலையில் மூச்சு விட்டுவிட்டு நிற்கத் தொடங்கும். இறப்புச் சான்றில் 'மூச்சுத்திணறல்' என்றோ 'கிருமித்தொற்று' என்றோ எழுதப்படும் பல சாவுகளுக்குப் பின்னால், முதல் சில மணி நேரத்தில் யாரும் கவனிக்காத குளிர் இருக்கிறது.

அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பமானியில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. 36.0 முதல் 36.4 வரை லேசான குளிர்ச்சி. 32.0 முதல் 35.9 வரை என்றால் நடுத்தரம், அதாவது ஆபத்து. 32-க்குக் கீழே போனால் உயிர் ஊசலாடுகிறது. இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் பல வார்டுகளில் தவறும் விஷயம்: காய்ச்சல் பார்க்கும் சாதாரண வெப்பமானிகள் பல 35-க்குக் கீழே காட்டவே காட்டாது. குழந்தை 33-இல் இருந்தாலும் பாதரசம் 35-இலேயே நிற்கும். கீழ்நிலை வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி ஒன்று வார்டில் இருந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் குழந்தையைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி, அதாவது இன்குபேட்டர், இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, வேலை செய்யும்போது நன்றாகவே செய்கிறது. அதற்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும். உணரி பழுதானால் மாற்ற உதிரிப்பாகம் வேண்டும். தினமும் கழுவித் துடைக்க ஆள் வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு குழந்தை என்ற ஒழுங்கு வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் இந்த நான்கும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள். ஒன்றுக்கு வந்த கிருமி மற்றதற்கும் போகும். நள்ளிரவில் மின்சாரம் போனால் பெட்டிக்குள் இருப்பது ஒரு கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் தாய் சேய் மருத்துவமனையில் 1978-இல் இதே நிலைதான். பெட்டிகள் போதவில்லை, தொற்று பரவியது, தாயிடமிருந்து வாரக்கணக்கில் பிரித்து வைக்கப்பட்ட குழந்தைகளில் சிலவற்றைத் தாய்மார் விட்டுவிட்டே போனார்கள். அங்கே குழந்தை மருத்துவராக இருந்த எட்கர் ரே சனாப்ரியா, உடல்நிலை தேறிய சின்னக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் அவரோடு சேர்ந்துகொண்டு அதை முறைப்படுத்தினார். முழு வளர்ச்சி இல்லாமல் பிறந்து, தாயின் பைக்குள் இருந்தே வளரும் கங்காருக் குட்டியின் நினைவில் 'கங்காரு பராமரிப்பு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கங்காரு பராமரிப்பு என்றால் மூன்று சேர்ந்தது: தோலோடு தோல் ஒட்டி நீண்ட நேரம் இருப்பது, தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதன்பின்னும் தொடர்ந்து பார்ப்பது. குழந்தையைக் கொஞ்ச நேரம் மார்பில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வது இதில் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட பரிந்துரையில் உள்ள அளவு ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஒரு முறை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். அடிக்கடி தூக்கி இறக்கினால் ஒவ்வொரு முறையும் குழந்தை குளிரும், கலையும், மூச்சின் சீர் கெடும்.

இனி எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். மலாவியில் சிட்டெஞ்சே என்று ஒரு துணி உண்டு. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள பருத்தித் துணி. பெண்கள் இடுப்பில் சுற்றுவார்கள், சுமை தூக்கும்போது சும்மாடாக்குவார்கள், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வார்கள். 1999-இல் ஸோம்பா மத்திய மருத்துவமனையில் கங்காரு பராமரிப்பு தொடங்கியபோது அந்தத் துணியே போதுமானதாக இருந்தது. வேறு ஊரில் மெல்லிய பருத்திச் சேலை, வேட்டித் துண்டு எதுவானாலும் சரி. தேவை: மென்மை, நீளம், துவைத்தது, ஒரு மாற்றுத் துணி.

தாய் முன்பக்கம் திறக்கும் சட்டையோ ரவிக்கையோ போட்டு, உள்ளாடையைக் கழற்றி, மார்பைத் துடைத்து உலர வைத்துக்கொள்வார். மார்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. தினக் குளியல் போதும். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், டயப்பர் அல்லது கோவணத்துணி. வேறு எதுவும் வேண்டாம். சட்டை போட்டுவிட்டால் தோலோடு தோல் ஒட்டாது, அப்புறம் இந்த ஏற்பாடே வீண். குல்லா கட்டாயம், ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்குத் தலைதான் உடம்பின் பெரிய பகுதி.

ஒரு கையைக் குழந்தையின் கழுத்துக்கும் தோளுக்கும் பின்னால் கொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் கீழ்ப்பகுதியை லேசாகத் தாங்க வேண்டும், தலை முன்னால் தொங்காமல். மற்றக் கை பின்புறத்துக்குக் கீழே. இரண்டு மார்பகங்களுக்கும் நடுவில் நிமிர்ந்த நிலையில் நெஞ்சோடு நெஞ்சு ஒட்ட வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, மிக லேசாக மேல்நோக்கி, பூ மோந்து பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும். தலை பின்னால் ரொம்பச் சாய்ந்தாலும் அடைபடும். இந்த ஒரு நிலையை மட்டும் முதல் நாள் பத்துத் தடவை சரிபார்த்தாலும் தகும். கால்கள் தவளையின் கால்போல் மடங்கி அகன்றிருக்கட்டும், கைகளும் மடங்கி இருக்கட்டும். குழந்தையின் வயிறு தாயின் மேல்வயிற்றுக்கு நேராக வரும். தாய் மூச்சு விடும்போதெல்லாம் அந்த அசைவு குழந்தையின் வயிற்றிலும் படும்.

பிறகு துணி. தாய் எழுந்து நின்றுகொண்டு, துணியின் நடுப்பகுதியைக் குழந்தையின் முதுகின்மேல் வைத்து இரண்டு முனைகளையும் தன் முதுகுப் பக்கம் கொண்டுபோய்க் குறுக்காக இழுத்து முன்னாலோ பக்கத்திலோ முடிச்சுப் போடுவார். முதல் சில தடவை இன்னொருவர் துணை வேண்டும். துணியின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். இறுக்கம் குழந்தையின் நெஞ்சுப் பகுதிக்கு நேராக; வயிற்றுப் பகுதி தளர்ந்திருக்க வேண்டும், மூச்சு விட வயிறு அசைந்தாக வேண்டும். தாய் கைகளை எடுத்துவிட்டு மெல்ல உட்கார்ந்து எழட்டும். குழந்தை சரியாமல் நின்றால் கட்டு சரி. கீழே நழுவி, துணிக்குள் முகம் மறைந்தால் கட்டு தளர்வு, உடனே அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கட்டிவிட்டால் தாய் நடக்கலாம், சாப்பிடலாம், பேசிக்கொண்டிருக்கலாம். தூங்கலாமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்கிறார்கள். தூங்கலாம், தூங்கத்தான் வேண்டும். ஆனால் தட்டையாகப் படுக்காமல் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியோ தலையணைகளை அடுக்கியோ குறைந்தது 15 பாகையாவது சாய்ந்த நிலையில். அப்படிச் சாய்ந்திருக்கும்போது குழந்தையின் மூச்சு நிற்பது குறைவு. தாய் குளிக்கவோ கழிப்பறைக்கோ போகும்போது அப்பாவோ பாட்டியோ அத்தையோ தன் மார்பில் வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் மார்பில் பால் இல்லையே தவிர, சூடு அதேதான். இரட்டைக் குழந்தை என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மார்பில் இரு பக்கமாகக் கட்டலாம்.

உடல்வெப்பத்தை முதலில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து சீராக இருந்தால் அதன்பின் நாளைக்கு இரண்டு முறை போதும்.

தாய்ப்பால் விஷயத்தில்தான் பொறுமை அதிகம் வேண்டும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமை குழந்தைக்கு 32 முதல் 34 வாரத்தில்தான் கைகூடத் தொடங்குகிறது. அதற்கு முன் பிறந்தால் பெரும்பாலும் குழாய் வழியாகப் பால் போகும். அதன்பின் கிண்ணம் அல்லது பாலாடை. பிறகு நேரடியாக மார்பு. மார்பில் கட்டியிருக்கும் குழந்தை தானாகவே நக்கும், தேடும். குழாயில் பால் போகும் நாட்களிலும் அப்படி நக்குவதை அனுமதிக்க வேண்டும். அது பால் சுரப்பையும் கூட்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு. நம் 1.6 கிலோ குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி என்று வைத்தால் 1.6 x 60 = 96 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை, நாளைக்கு 12 தடவை என்றால் ஒரு தடவைக்கு 8 மில்லி. அதாவது ஒன்றரை தேக்கரண்டி. முதல் நாளில் சீம்பால் இரண்டு சொட்டுதான் வருகிறது என்று அழும் தாய்க்கு இந்த 8 மில்லியைக் கண்ணில் காட்டினால் பாதி பயம் போய்விடும். அளவை நாளுக்கு நாள் கிலோவுக்கு 20 மில்லி வீதம் கூட்டிக்கொண்டே போய், முதல் வாரக் கடைசியில் கிலோவுக்கு 160 மில்லி அளவில் நிறுத்தலாம். அப்போது ஒரு தடவைக்கு 21 மில்லி. வயிறு உப்பினாலோ பச்சையாக வாந்தி எடுத்தாலோ கூட்டுவதை நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்னும் சிறிய குழந்தைக்கும் நோயுள்ள குழந்தைக்கும் தொடக்க அளவு இதைவிடக் குறையும். அதை மருத்துவரே முடிவு செய்வார்.

பாலைக் கையால் பீய்ச்சலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி விட வேண்டும். காம்பை இழுத்தால் வலிக்குமே தவிரப் பால் வராது. குழந்தை குடிக்காவிட்டாலும் நாளைக்கு எட்டு தடவையாவது, அதில் ஒரு தடவையேனும் இரவில், பீய்ச்சி வர வேண்டும். இரவைத் தவறவிட்டால் பால் குறைந்துவிடும்.

பாலாடையைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் இன்று எத்தனையோ மருத்துவமனைகளில் எடை குறைந்த குழந்தைக்குப் பாலூட்டும் கருவியாக ஆகியிருக்கிறது. ஆனால் வீட்டில் பலர் செய்வதுபோல் குழந்தையை மடியில் மல்லாத்தி, வாயைத் திறந்து ஊற்றினால் குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்குள் பால் போய்விடும். குழந்தை முழுமையாக விழித்திருக்க வேண்டும். பாதி நிமிர்ந்த நிலையில் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின்மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தை நாக்கை நீட்டி இழுத்துக்கொள்ளும். விழுங்கியதும் அடுத்தது. நிறம் மாறினால், திக்கினால், தூங்கிவிட்டால் நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் குழந்தை குடிப்பதைவிடக் களைப்பில் இழப்பதே அதிகம். ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்த பாலாடைதான் அடுத்த முறைக்கு. பாட்டிலும் ரப்பர் காம்பும் வேண்டவே வேண்டாம். மூலையில் தங்கும் பாலில் கிருமி வளர்கிறது.

முதல் வாரத்தில் எடை இறங்கும். 10 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. இரண்டாம் வாரத்துக்குள் பிறப்பு எடைக்குத் திரும்பி, பிறகு கிலோவுக்கு 15 கிராம் வீதம் தினமும் ஏற வேண்டும். 1.6 கிலோவுக்கு அது 24 கிராம். இவ்வளவு சின்ன மாற்றத்தைக் காட்ட 10 கிராம் வரை துல்லியமான தராசு வேண்டும். காய்கறிக்கடைத் தராசுபோல் 50 கிராம், 100 கிராம் கோடு போட்டதில் நிறுத்தால் எடை ஏறுகிறதா இல்லையா என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

இது உண்மையில் உயிர் காக்கிறதா? அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளில் 1.0 முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. மலாவியில் பிளான்டைர் நகரத்து குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை, இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனே கங்காரு பராமரிப்பு. மற்றதற்கு வழக்கப்படி குழந்தையின் நிலை தேறிய பிறகு. முதல் பிரிவில் பாதிக் குழந்தைகளுக்குப் பிறந்து 1.3 மணி நேரத்துக்குள் தொடங்கியது, இரண்டாவதில் 53.6 மணி நேரத்துக்குள். 28 நாளுக்குள் இறந்தவை முதல் பிரிவில் 12.0 சதவீதம், இரண்டாவதில் 15.7 சதவீதம். அதாவது 100 குழந்தைகளில் ஏறத்தாழ 4 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தன. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்ட 4,200 பேரைச் சேர்க்கும் முன்பே ஆய்வை நிறுத்தினார்கள். கிருமித்தொற்றும் குளிர்ச்சியும்கூட முதல் பிரிவில் குறைவு. குழந்தையின் தோலில் முதலில் குடியேறுபவை தாயின் தோலில் உள்ள கிருமிகளாக இருப்பதும், பல கைகள் தொடாமல் ஒரே கை தொடுவதும் இதற்கு உதவியிருக்கும்.

அதே சமயம் உகாண்டாவில் ஐந்து மருத்துவமனைகளில், 700 கிராம் முதல் 2 கிலோ வரை உள்ள, இன்னும் நிலை தேறாத குழந்தைகளிடம் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏழு நாள் சாவு இரு பிரிவிலும் 7.5 சதவீதம்தான். கெடுதல் இல்லை, ஆனால் ஏழு நாள் கணக்கில் கூடுதல் பலனும் தெரியவில்லை. ஐந்து நாட்டு ஆய்வின் முதல் பிரிவில் பாதிக் குழந்தைகள் தினமும் 16.9 மணி நேரமோ அதற்கு மேலோ மார்பில் இருந்தன. அந்த மணிக்கணக்கு இல்லாத இடத்தில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

வீட்டிலும் இது பயன்படுகிறது. ஹரியானாவில் 8,402 எடை குறைந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், வீட்டிலேயே தாய்க்குச் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்ததில் 28 நாள் சாவு 30 சதவீதம் குறைந்தது. நீண்ட காலப் பலனும் இருக்கிறது. பொகோட்டாவில் 1993 முதல் 1996 வரை ஆய்வில் இருந்த குழந்தைகளை 20 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, கங்காரு பராமரிப்பில் வளர்ந்தவர்களிடம் மூர்க்கமும் பரபரப்பும் குறைவாக இருந்தன, பள்ளிக்கு மட்டம் போட்டதும் குறைவு.

எல்லாக் குழந்தைக்கும் உடனே இது பொருந்தாது. காற்று கொடுத்து உயிர்ப்பித்த பிறகும் தானாக மூச்சு விடாத குழந்தை, அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தை, வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தை ஆகியவை முதலில் தேற வேண்டும். மூக்குவழி அழுத்தக் காற்றுக் கருவியில் இருக்கும் குழந்தையைத் தாயின் மார்பில் வைக்கலாம், வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவியின் குறைந்த செலவு வகையான குமிழிக் கருவி, பிளான்டைரில் மூச்சுத்திணறலில் இருந்த குழந்தைகளின் பிழைப்பை 44-இலிருந்து 71 சதவீதமாக உயர்த்தியது. அதையும் இதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். கங்காரு பராமரிப்பு இருக்கிறது, ஆக்சிஜனும் மருந்தும் எதற்கு என்று ஒரு நிர்வாகம் நினைத்துவிட்டால் அது பெரும் அநியாயம்.

எங்கே தவறுகிறது என்பதற்கு வருவோம். பெரும்பாலும் துணியிலோ முடிச்சிலோ கோளாறு இருப்பதில்லை. தாய்க்கு இடம் இல்லை, அதுதான் கோளாறு. குழந்தைகள் பிரிவின் வாசலில் 'பார்வையாளர் நேரம்' என்று பலகை மாட்டியிருக்கும். பெற்ற தாய் பார்வையாளர் ஆகிவிடுகிறாள். அறுவைசிகிச்சை செய்தவள் மேல்மாடியில், குழந்தை கீழ்மாடியில். இறங்கி வந்தால் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தையல் போட்ட வயிற்றோடு அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. அந்த இரண்டு மணி நேரமே பதிவேட்டில் 'கங்காரு பராமரிப்பு அளிக்கப்பட்டது' என்று ஏறுகிறது. 16.9 மணி நேரம் சாத்தியமானது எப்படி? குழந்தையின் வார்மருக்கு (சூடேற்றும் மேடைக்கு) பக்கத்திலேயே தாய்க்குக் கட்டில் போட்டு, தாயின் பிரசவக் கவனிப்பையும் அங்கேயே செய்தார்கள். ஒரு கட்டில், ஒரு கொசுவலை, மறைப்புத் திரை, கழிப்பறைக்குப் பக்கமான இடம், மூன்று வேளைச் சோறு. இன்குபேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. ஆனாலும் சாதனம் வாங்கக் கிடைக்கும் பணம் கட்டிலுக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகள். மூன்று வாரம் மருத்துவமனையில் தாய் இருந்தால் வீட்டில் சமைப்பது யார், வயலுக்குப் போவது யார்? பாட்டிக்கும் கணவனுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்காமல் தாயிடம் மட்டும் சொன்னால், ஐந்தாம் நாள் அவள் குழந்தையோடு கிளம்பிவிடுவாள். மலாவியில் இன்னொரு தடங்கலும் வந்தது. குழந்தையை முதுகில் சுமப்பதே அங்கே வழக்கம். முன்னால் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் ஊரார் உற்றுப் பார்த்தார்கள், குறைமாதப் பிள்ளை பெற்றவள் என்று அடையாளம் தெரிந்தது. அதனால் வீட்டுக்குப் போனதும் துணி முதுகுக்குப் போய்விடும். ஏற்கெனவே இப்படிப் பிழைத்து, இப்போது கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் இன்னொரு தாயை வார்டில் உட்கார வைத்துப் பேச வைத்தால், பத்து அறிவுரையைவிட அது வேலை செய்கிறது.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. பிறந்த அன்றே குளிப்பாட்டுவது. குறைமாதக் குழந்தையை எடை ஏறி நிலைப்படும் வரை துடைத்து எடுத்தால் போதும். நனைந்த டயப்பரை மாற்றாமல் விடுவது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது குழந்தையைத் துணிப்பொட்டலமாகச் சுற்றி நர்ஸின் கையிலும், தாயை வேறு வண்டியிலும் அனுப்புவது. மார்பில் கட்டியபடியே ஆம்புலன்ஸில் ஏற்றினால், போய்ச் சேரும்போது குழந்தை சூடாக இருக்கும்.

தாய்க்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டிய அபாய அறிகுறிகள்: நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, முனகல், நெஞ்சு உள்ளிழுத்தல், 20 விநாடிக்கு மேல் மூச்சு நிற்பது, உதடு நீலமாவது, மார்பில் ஒட்டியிருந்தும் குளிர்ந்துகொண்டே போவது, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். மூச்சு நின்றால் முதுகையும் பாதத்தையும் விறுவிறுவென்று தேய்க்க வேண்டும், உடனே ஆள் கூப்பிட வேண்டும். தேய்த்தும் மூச்சு வராவிட்டால் முகமூடிப் பையால் காற்று கொடுக்க வேண்டும். அந்தப் பை கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் தொங்க வேண்டும், பூட்டிய அலமாரியில் அல்ல.

மூன்று நாள் தொடர்ந்து எடை சரியாக ஏறி, மார்பில் இருக்கும்போது வெப்பம் சீராக இருந்து, பால் நன்றாகக் குடித்து, தாய்க்கும் தைரியம் வந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். கர்ப்பக் கணக்கில் 37 வாரம் ஆகும்வரை வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை வந்து எடை பார்க்க வேண்டும். பேருந்துக்குக் காசில்லாத வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளரே தராசோடு போவதுதான் சரி. வராத குழந்தைதான் பெரும்பாலும் இளைத்துக்கொண்டிருக்கும் குழந்தை.

எப்போது நிறுத்துவது என்று யாரும் நாள் குறிக்க வேண்டியதில்லை. எடை 2.5 கிலோவை நெருங்கும்போது, அல்லது பிறக்க வேண்டிய தேதி வரும்போது, குழந்தைக்கே அந்தக் கட்டு பிடிக்காமல் போகும். துணிக்குள் நெளியும், கையை வெளியே இழுக்கும், காலால் உதைக்கும், கட்டும் ஒவ்வொரு முறையும் அழும். அப்போது இறக்கிவிடலாம். குளிப்பாட்டிய பிறகும், குளிரான விடியற்காலையிலும் மட்டும் இன்னும் சில வாரம் மார்பில் போட்டுக்கொண்டால் போதும்.